கமலவேணியின் பன்னிரண்டாவது பந்து

கையுறைத் தொழிற்சாலையில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைக்கும் ரப்பர் கைகளை உரித்து உரித்து அடுக்குகிற வேலை பார்த்த கமலவேணி, போவ்லிங் என்று உலகத்தில் ஒன்று இருப்பதையே இருபத்து மூன்று வயது வரைக்கும் கேள்விப்பட்டதில்லை. தொழிற்சாலையின் வருசாந்திரப் போட்டியில் பெண்கள் அணிக்கு ஒரு ஆள் குறைகிறது என்று மேற்பார்வையாளர் விரலை நீட்டிக் கூப்பிட்ட அன்றைக்குத்தான், சுங்கை கெலாடி பட்டணத்துக் கடைக்கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய், யாரோ போட்டுக் கழற்றிய வாடகைச் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, மூன்று துளை போட்ட கனத்த பந்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, இதை எங்கே போடணும் என்று கேட்டாள். எண்ணெய் பூசின பலகைப் பாதையின் கடைசியில், அறுபது அடி தள்ளி, முக்கோணமாக நிற்கிற பத்துக் கட்டைகளைக் காட்டினார்கள். போட்டாள். பத்தும் விழுந்தன. கூட வேலை செய்கிற பாக்கியம் அக்கா, குருட்டு அதிர்ஷ்டம் என்றாள். அடுத்த பந்திலும் பத்தும் விழுந்ததும் அவளே, இவளுக்குப் பேய் பிடித்த கை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வருசம் அந்தக் கை தோற்றதே இல்லை. மாவட்டம் அவளுடையது, மாநிலம் நான்கு தடவை அவளுடையது, கோலாலம்பூரில் ஒரு கோப்பை, பினாங்கில் ஒரு கோப்பை, ஜொகூரில் கோப்பையோடு ஒரு அரிசிச் சட்டி. தமிழ்ப் பத்திரிகையில் தோட்டத்துப் பெண்ணின் சாதனை என்று படம் போட்டார்கள், படத்தில் கண்ணை மூடியிருந்தாள், இருந்தாலும் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டாத வீடு அவள் குடியிருந்த தோட்ட லைனில் கிடையாது. லாரி ஓட்டிக்கொண்டு தெற்கே போன புருசன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதைக்கூட அவள் ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவில்தான் அழுது முடித்தாள். ஆட்டத்தில் அவளிடம் ஒரு விசேசம் இருந்தது, அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பந்து கையை விட்ட மறுகணமே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவாள், நடந்துகொண்டே எட்டு என்பாள், பத்து என்பாள், அவள் நாற்காலிக்கு வந்து சேர்கிறபோது பின்னால் கட்டைகள் விழுகிற சத்தம் கேட்கும், எண்ணிப் பார்த்தால் அவள் சொன்ன கணக்குத்தான் இருக்கும். ஒரு தடவைகூடப் பிசகினது கிடையாது.

அவளுடைய ஒரே பிள்ளை லோகேஸ்வரிக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் தலைக்கு ஏறி, நான்கு நாளாகப் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, கூப்பிட்டால் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தன்மையான மனுசர், பொய் சொல்ல வராதவர், இன்றைக்குப் பொழுது தாண்டட்டும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல்தான் மாநில இறுதிப் போட்டி, அதுவும் சொந்த ஊரில். கமலவேணிக்குப் போகிற எண்ணமே கிடையாது. ஆனால் நான்கு நாளும் அந்தச் சின்னக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்ததில் அவளுடைய கை மரத்து வீங்கிப்போயிருந்தது, இந்தக் கையை வைத்துக்கொண்டு இங்கே செய்ய ஒன்றுமில்லையே, இதுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதானே என்று தோன்றியதும், பாக்கியம் அக்காவைப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போய் பஸ் ஏறிவிட்டாள். ஊர் வாய்க்கு அது போதாதா. பிள்ளை சாகக் கிடக்கிறது, இவள் பந்து உருட்டப் போய்விட்டாள், இவளும் ஒரு தாயா என்றார்கள். சொல்கிறவர்கள் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஏழாம் லேனில் பதினோரு பந்து போட்டாள், பதினோரு பந்துக்கும் பத்துப் பத்தாக விழுந்தன. பன்னிரண்டும் அப்படி விழுந்தால், தொடர்ந்து விழுவதற்குக் கிடைக்கிற கூடுதல் புள்ளியும் சேர்ந்து முந்நூறு, அதற்கு மேலே அந்த ஆட்டத்தில் கணக்கே கிடையாது, நம் பெண்களில் அதை அதுவரை தொட்டவளும் கிடையாது. பன்னிரண்டாவது பந்தைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு முன்னால் நின்றவள், அங்கே கூடியிருந்த இருநூறு பேர் காதிலும் விழுகிற மாதிரி வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆத்தா, மாரியாத்தா, இந்தப் பத்தும் விழுந்தா எம்புள்ள எனக்கு."

நேர்த்திக்கடன் வைக்க நம் சனங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நீ கொடு, பிறகு நான் செய்கிறேன். பிள்ளையைக் காப்பாற்று, பால்குடம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், தீ மிதிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வரிசை தப்பாது. கமலவேணி அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டாள். ஏழு வருசம் ஜெயித்தவள் இல்லையா, தன் கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை, கும்பிட வேண்டிய இடத்தில் போய்ப் பந்தயம் கட்டிவிட்டாள். சொல்லி முடித்து, நான்கு எட்டு வைத்து, கையை வீசிப் பந்தை விட்டாள். விட்ட அந்தக் கணத்தில், வீங்கின கட்டைவிரல் துளைக்குள்ளே ஒரு மயிரிழை நேரம் கூடுதலாகத் தங்கியது.

ஒன்பது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலது கோடியில் நிற்கிற பத்தாவது கட்டை விழாது. ஏழு வருசத்தில் முதல் தடவையாக அவள் திரும்பி நடக்கவில்லை, வாயைத் திறக்கவுமில்லை, கோட்டிலேயே நின்று பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து பதினைந்து அடி ஓடி, பலகையில் வரைந்திருக்கிற அம்புக்குறிகளைத் தாண்டியது. தாண்டினதும் மெதுவானது. மெதுவாகி, மெதுவாகி, நிற்கிறதா போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. நடுவராக இருந்தவர் இன்னாசி சார், தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார், காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே போட்டிக்கு வருகிறவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைப் பிரித்தார், பாதையோரத்துக் குழியில் முழங்காலிட்டு ஒரு தையல் நூலைப் பந்துக்கு முன்னால் தொட்டும் தொடாமலும் கட்டினார். அரைமணி நேரம் கழித்து நூல் லேசாக முன்னால் தள்ளியிருந்தது. நின்ற பந்து செத்த பந்து, எடுத்துவிட்டு வேறு போடலாம். ஓடுகிற பந்தை யாரும் தொடக்கூடாது, இந்தப் பந்து ஓடுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். அதுவும் சரிதான் என்று சனங்கள் தலையாட்டினார்கள். ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பாக்கியம் அக்கா போனில் கூப்பிட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது, குடிக்க மைலோ வேணும் என்று கேட்கிறது என்றாள்.

முதல் மாசம் முழுக்க அளந்து பார்த்ததில் பந்து மூன்று விரற்கடை நகர்ந்திருந்தது. மீதி நாற்பத்தைந்து அடி. இன்னாசி சார் புள்ளித்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு, பத்தொன்பது வருசம் பத்து மாசம் என்றார். ஆட்டம் முடியாததால் புள்ளித்தாளில் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாமல் கோப்பையைக் கொடுக்க முடியாது. ஒரு பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டவள் வேறு ஆட்டத்தில் இறங்கவும் முடியாது. தேசிய அணிக்கு வரச்சொல்லிக் கோலாலம்பூரிலிருந்து வந்த கடிதத்துக்கு இன்னாசி சாரே பதில் எழுதினார், வீராங்கனை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று. இப்படியாகக் கமலவேணியின் சாம்பியன் வாழ்க்கை முப்பது வயதில் ஒரே பந்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவள் மறுபடியும் ரப்பர் கைகளை உரிக்கப் போனாள்.

ஊருக்கு அந்தப் பந்து பழக ரொம்ப நாள் ஆகவில்லை. கட்டடத்துக்காரர் லிம் தவுக்கே ஆரம்பத்தில் ஒரு லேன் வீணாகப் போகிறதே என்று முணுமுணுத்தார், பிறகு சீனக் கிழவிகள் ஆரஞ்சுப் பழத்தோடு படி ஏறி வர ஆரம்பித்ததும் ஏழாம் லேனைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்துக் கொடுத்தார். காவல்காரர் பக் மாட், காற்று பட்டுப் பந்து தடம் மாறிவிடக் கூடாதென்று மின்விசிறிகளை எல்லாம் மறுபக்கம் திருப்பி வைத்தார். கற்பூரம் ஏற்றினால் தீயணைப்பு மணி அடித்து ஊரே நனைகிறது என்று தெரிந்த பிறகு நம் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறாம் லேனிலும் எட்டாம் லேனிலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பந்து உருட்டினார்கள், நடுவில் அது பாட்டுக்கு அது போய்க்கொண்டிருந்தது.

பிறகு, காத்துக் கிடக்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டிலேயே பல்லெல்லாம் கொட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள் வந்தார்கள். மலிவு வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள், தோட்டம் மூடின நட்ட ஈட்டு வழக்குக்காரர்கள், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் கிடைக்காதவர்கள், எல்லாரும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். உன் காரியம் என்னாச்சு என்று கேட்டால், ஏழாம் லேனில் ஓடுது என்பார்கள். பந்து போய்ச் சேரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், பந்து போய்ச் சேரட்டும் என்று கூரையை மாற்றாமல் வாளி வைத்து மழையைப் பிடித்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்து, பந்து சேருகிற அன்றைக்கு மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தைப்பூசக் காவடிகூட அந்தத் தெருவில் வருகிறபோது உறுமியை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் கட்டடத்தைத் தாண்டும். பத்தும் விழும் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. கமலா போட்ட பந்தாச்சே என்பார்கள்.

கமலாவுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து இவ்வளவு வினையாகிவிட்டது, இன்னொரு தடவை திறந்தால் மெதுவாகப் போகிற பந்து வேகமாக ஓடிவிடும் என்று பயந்தாள். மற்றவர்கள் பந்து போய்ச் சேரணும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், அவள் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நின்று, ஆத்தா, இன்னும் கொஞ்சம் மெதுவா, இன்னும் கொஞ்சம் மெதுவா என்று மனசுக்குள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தாள். பந்து கெஞ்சலுக்கு இரங்கவில்லை, மாசத்துக்கு மூன்று விரற்கடை என்றால் மூன்று விரற்கடைதான்.

லோகா வளர்ந்தாள். மஞ்சள் காமாலை, அம்மை, பைக்கில் இடித்தது, எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை. வாயாடி, சிரிப்புக்காரி, பல் கிளினிக்கில் வேலைக்குப் போய், அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளைச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்புகிறவள். ஊரே அவளைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்தது. ஒரு குறை, எதையும் அப்புறம் என்பாள். பந்து சேரட்டும், அப்புறம் படிக்கிறேன், அப்புறம் கடலைப் பார்க்கப் போகலாம், அப்புறம் அந்தப் பச்சைப் பட்டுப் புடவையை வாங்கலாம். கமலவேணி அவளைத் துரத்திக்கொண்டே இருந்தாள். இன்றைக்கே சாப்பிடு, இன்றைக்கே வாங்கு, இந்த லீவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வா. என்னம்மா, பின்னாடி வெள்ளமா வருது என்று லோகா கிண்டல் பண்ணுவாள். பொறுமையில்லாத பொம்பளை, இப்படிப் பறந்தால் ஆகுமா என்று பாக்கியம் அக்காவும் சொல்லிப் பார்த்தாள்.

லோகாவுக்கு இருபத்தொரு வயதில் தைப்பிங்கிலிருந்து குகன் என்கிற பையன் வந்து கேட்டான். குளிர்சாதனம் பழுது பார்க்கிறவன், கிளினிக்குக்கு வேலையாக வந்து இவளைப் பார்த்து, மறுபடியும் மறுபடியும் பழுதாகாத மெசினைப் பழுது பார்க்க வந்தவன். அவளுக்கும் பிடித்திருந்தது. கமலவேணி அடுத்த மாசமே தேதி வைக்கலாம் என்றாள். அந்தப் பையன் பிழைப்பு பின்னால் என்ன ஆகும் என்று நினைக்காமலில்லை, நினைத்தாள், நினைத்ததை ஒதுக்கித் தள்ளினாள், தாய் மனசு அவ்வளவு பொல்லாதது. லோகாதான் கேட்கவில்லை. பத்தும் விழும்னு எனக்கும் தெரியும்மா, இருந்தாலும் அவுங்க வீட்டுல ஒரு பயம் இருக்கும்ல, நாலு வருசந்தானே, ஊரே வந்து கொண்டாடும் என்றாள். குகனும் சரி என்றான். மூன்று வருசம் சொன்னபடி காத்திருந்தான். பிறகு அவன் அம்மா படுக்கையில் விழுந்தாள், கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்க்கணும் என்று அழுதாள், சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள். பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பினான்.

அந்தப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, பரவால்லம்மா, பந்து சேர்ந்ததும் வேற ஒருத்தன் வராமயா போயிடுவான் என்று லோகா சிரித்தபோது, கமலவேணிக்குத் தாங்கவில்லை. பத்தொன்பது வருசமாக மூடி வைத்திருந்ததைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். கட்டைவிரலைச் சொன்னாள், வலது கோடிக் கட்டையைச் சொன்னாள், அது கடைசிப் பந்து, அதற்குப் பிறகு சரிக்கட்ட இன்னொரு பந்து கிடையாது என்பதையும் சொன்னாள்.

லோகா அழவில்லை. மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி இதைச் சொல்லியிருந்தா நான் அவரைக் கட்டிருப்பேன்ல."

 

ஏழு நாள் லோகா அவளிடம் பேசவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள், அம்மா என்கிற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் இல்லை. எட்டாம் நாள் கிளினிக்கில் வேலையை விட்டுவிட்டு வந்து, இன்னும் ஒம்போது மாசம் இருக்கு, எங்கயாச்சும் போவோம் வாங்க என்றாள். போனார்கள். பங்கோர் தீவுக்குப் போய்க் கடலில் கழுத்து வரைக்கும் நின்றார்கள், பினாங்கில் ஐஸ் போட்ட செந்தோல் குடித்து இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியது, பச்சைப் பட்டுப் புடவையை வாங்கி, கல்யாணம் காட்சி என்று இல்லாமல் சந்தைக்கு மீன் வாங்கக் கட்டிக்கொண்டு போனாள். முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது கமலவேணி திட்டவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை, லோகாவும் தீர்ந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் லோகா, நானும் ஒருக்கா போட்டுப் பாக்கிறேன் என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு எட்டாம் லேனில் போய் நின்றாள். அத்தனை வருசம் அந்த மாடிக்கு வந்து போனவள், ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. முதல் பந்து குழியில் விழுந்தது. இரண்டாவதும் குழியில் விழுந்தது. மூன்றாவது கையைவிட்டுப் பின்பக்கமாக நழுவி, இன்னாசி சாரின் நாற்காலிக் காலில் போய் முட்டியது. சாம்பியன் பெத்த பிள்ளையைப் பாரு என்று பக் மாட் மலாயில் சொல்ல, லோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கமலவேணியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். இருபது பந்து போட்டதில் மொத்தம் நான்கு கட்டை விழுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அந்தப் பழைய பந்துக்கும் முதல் கட்டைக்கும் நடுவில் ஒரு முழம்தான் மீதி இருந்தது.

ஆடி மாசம் இரண்டாவது வெள்ளியன்று பந்து முதல் கட்டையைத் தொட்டது. இந்த வேகத்தில் தொட்டால் எப்படி விழும் என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை பல வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். விழுந்தது, பந்து வந்த மாதிரியே விழுந்தது. காலையில் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம், இப்படி ஒன்று சாய்ந்து இன்னொன்றைத் தொட்டு, அது சாய்ந்து மூன்றாவதைத் தொட்டு, பன்னிரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தன. லோகாவுக்கு முதல் நாளே காய்ச்சல் வந்துவிட்டது. அதே பழைய காய்ச்சல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டாக்டர் வேறு, ஆனால் அவரும் தன்மையான மனுசர்தான். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

கடைசி நாள் ஊரே அந்த மாடியில் நிற்க வேண்டியது, லிம் தவுக்கே படி தாங்காது என்று அறுபது பேரை மட்டும் விட்டார். பந்து போட்டவள் கோட்டில் இல்லாமல் எப்படி என்று ஒய்.பி.யின் ஆட்கள் காரோடு வந்து கூப்பிட்டார்கள். கமலவேணி வரவில்லை. அந்தப் பந்தைப் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டின முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

மாடியில் எட்டுக் கட்டை விழுந்து கிடந்தன, ஒன்பதாவது விழுந்துகொண்டிருந்தது, வலது கோடியில் பத்தாவது நின்றது. விழுகிற கட்டை பத்தாவதன் மேல்தான் சாயும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது பத்தாவதன் கழுத்துக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளியில், தொடாமல், சுற்றிக்கொண்டு போய்க் குழியில் படுத்தது.  அப்போது இன்னாசி சார், எழுபத்து நான்கு வயது, இருபது வருசமாக ஒருத்தர் நிழலைக்கூடக் கோட்டைத் தாண்ட விடாதவர், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, குழியோரமாகவே கடைசி வரைக்கும் நடந்து போய், பத்தாவது கட்டையைக் கையால் தள்ளினார். தள்ளிவிட்டுத் திரும்பி அறுபது பேரையும் பார்த்தார். விழுந்திருச்சு என்று பக் மாட்தான் முதலில் சொன்னார். விழுந்திருச்சு என்றார் லிம் தவுக்கே. அறுபது பேரும் சொன்னார்கள், ஒருத்தர் பாக்கியில்லை. கீழே தெருவில் நின்ற சனம் அதைக் கேட்டுவிட்டுப் போட்ட சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது.

பாக்கியம் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றபடியே, கமலா, பத்தும் விழுந்திருச்சுடி என்றாள். கமலவேணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இருபது வருசமாக ஒன்பது ஒன்பது என்று அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு ஒரு அடி தப்பி நின்றது. தன் கணக்குப் பொய்த்துவிட்டது, தான் ஒரு முட்டாள், இத்தனை வருசமும் வீணாக அழுதவள் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். லோகா, பத்தாம்டி, பத்தும் விழுந்திருச்சாம்டி, அம்மா தப்பா சொல்லிட்டேன்டி என்றாள்.

லோகா கண்ணைத் திறந்து அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க இப்படிப் பயமில்லாம சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள்.

ஊருக்கு அதைத் தாங்க முடியவில்லை. அறுபது பேரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பத்தும் விழுந்தது நிச்சயம், பத்தும் விழுந்தும் பிள்ளையைக் கொண்டுபோனாள் என்றால் அவள் என்ன ஆத்தா என்று கேட்டார்கள். ஆடித் திருவிழாவுக்குக் கட்டின தோரணத்தை அவிழ்த்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கோயிலில் பூசாரியும் அவர் பெண்சாதியும்தான் இருந்தார்கள். கூழ் ஊற்ற ஆளில்லை, பால்குடம் எடுக்கிறதாக இருந்தவர்கள் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். வாக்குத் தப்பினவள் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தன. அறுபது பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தையில் பார்த்தால்கூட மீனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, இன்னாசி சார் புள்ளித்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பழுத்து மஞ்சளாகிவிட்ட தாள். கடைசிக் கட்டத்தில் பென்சிலால் முந்நூறு என்று எழுதியிருந்தது. அதை மேசைமேல் வைத்தவர், கையெழுத்துக் கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பத்தாவது நின்றது, தான்தான் தள்ளினேன், கடவுள் காரியத்தில் கையை வைத்துவிட்டேன், அந்தப் பாவத்தில்தான் பிள்ளை போய்விட்டது, என்னை மன்னிக்காதே என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அது, அதுவும் பலிக்காமல் போயிற்றே என்று விம்மினார்.

கமலவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

"நீங்க தள்ளினதால ஒன்னும் ஆகல சார். அன்னிக்குக் கையை விட்டப்பவே ஒன்பதுன்னு எனக்குத் தெரியும்."

இருபது வருசமாகவா என்று கேட்டார் அவர். இருபது வருசமும் என்றாள். நீங்கள் செய்த காரியத்தால் அரைமணி நேரம் எனக்குத் தெரியாமல் இருந்தது சார், அந்த அரைமணி நேரம் என் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுக்கு நான் என்ன கொடுப்பேன் என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிகிற வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, முந்நூறு என்று எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த எண்ணுக்காகத்தான் அவள் ஒரு காலத்தில் தூங்காமல் கிடந்தாள். பிறகு தாளைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினாள்.

"இதை அழிச்சிடுங்க சார். பத்துன்னு எழுதினா ஆத்தா வாக்குத் தப்புனவளாயிடுவா. அவ தப்பல, நான்தான் தப்புனேன். ஒன்பதுன்னு எழுதுங்க."

இன்னாசி சார் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து அழித்தார். தாள் கிழிந்துவிடாமல் மெல்ல அழித்து, பேனாவால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். கமலவேணி கீழே கையெழுத்துப் போட்டாள்.